வைகாசித் தோட்டம், சானமாவு

கத்திரி முடிகிற வாரம். கீழே கிருஷ்ணகிரியில் வெயில் இன்னும் கொளுத்துகிறது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஓசூர்ப் பக்கமோ ராத்திரிக் காற்றே மாறிவிட்டது. மேல்நாட்டுத் தோட்டப் புத்தகங்களுக்குக் கோடைக் கடைசி என்றால் ஆகஸ்ட், நமக்கு வைகாசி. இரண்டு மழை இறங்கியதும் செம்மண் பதமாகி, மண்வெட்டி சுலபமாகப் போகிறது.

*

மே லில்லி வந்துவிட்டது. இலை காய்ந்து, இருந்த இடமே தெரியாமல் மண்ணுக்குள் கிடந்த கிழங்கு. முதலில் ஒரு தண்டு மட்டும். அடியில் செம்பழுப்புப் புள்ளிகள். நுனி உறை பிரிந்ததும் உள்ளே கட்டுக் கட்டாய் மொட்டுகள். அப்புறம் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னப் பூக்கள் சேர்ந்த சிவப்புப் பந்து. இலை பிறகுதான் தழைக்கும். அந்த இலைதான் அடுத்த வருஷப் பூவுக்குக் கிழங்கில் சத்தைச் சேர்த்து வைப்பது. பூ போனதும் அதை அறுத்தெறிகிறவர்களைக் கண்டால் மனசு பதறுகிறது.

*

மல்லி அடங்குகிறது. பங்குனி, சித்திரையில் மடி நிறையப் பறித்த செடி. இப்போது பூ சிறுத்துவிட்டது. மொட்டில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை இருந்தால் உள்ளே புழு. அந்த மொட்டைக் கிள்ளி அழிப்பதோடு சரி. கவாத்துக்குக் காலம் கார்த்திகை.

*

ரோஜாவுக்கு வெயிலில் ஒரு தொல்லை, மழையில் வேறு தொல்லை. காய்ச்சலில் இலையடியில் வலை கட்டிய செஞ்சிலந்தி மழையில் குறைந்தது. இனி கரும்புள்ளி: ஓரம் பிசிறிய கறுப்பு வட்டம், சுற்றிலும் மஞ்சள், பிறகு இலை உதிரும். விழுந்த இலையைத் தூரில் விடக் கூடாது. தண்ணீர் வேருக்குப் போக வேண்டும், இலைமேல் படக் கூடாது.

*

மாலைத் தூறலில் கனகாம்பரக் காய்கள் படபடவென்று வெடித்தன. ஈரம் பட்டால்தான் வெடிக்கும். காய்ந்த விதை நனைந்த மண்ணில் விழ வேண்டுமென்று செடி செய்துகொண்ட ஏற்பாடு. டெல்லி கனகாம்பரத்துக்கு இந்த வெடி கிடையாது. அது விதை கட்டாத ரகம்; குச்சி ஒடித்து நட்டுத்தான் பெருக்க வேண்டும்.

*

பெரிய வேலை சாமந்தி. போன வருஷத் தூரைச் சுற்றிப் பக்கக் கன்றுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அப்படியே விட்டால் பூ சிறுக்கும். வேரோடு பிரித்துப் புதுப் பாத்தியில் நட வேண்டும். பக்கத்து வீட்டு அவ்வா வேலிக்கு அந்தப்புறமிருந்தே, "லைட்டுக்குக் கீழ வைக்காதேம்மா, இலைதான் விடும்," என்றார்.

அவ்வா சொன்னது முழு உண்மை. சாமந்தி, இரவின் நீளம் பார்த்து மொட்டு வைக்கிற செடி. ஜூன் 21 வாக்கில் இங்கே பகல் 12 மணி 50 நிமிஷத்தைத் தாண்டும். அதன்பிறகு இரவு கொஞ்சம் கொஞ்சமாக நீள, மொட்டு பிடித்து, ஐப்பசி வாக்கில் நிறைந்து பூக்கும். நடுவில் விளக்கு வெளிச்சம் பட்டால் நீண்ட இரவு துண்டாகிவிடும். செடி மொட்டைத் தள்ளிப் போடும். பசுமைக்குடில்காரர்கள் இதையே தொழிலாக்கியிருக்கிறார்கள்: செடி வளரும்வரை ராத்திரி விளக்கு, பூ வேண்டும்போது சாயங்காலமே கறுப்புத் துணி மூட்டம்.

ஓசூரில் ஆயுத பூஜைக்கு லேத்திலிருந்து லாரி வரை சாமந்தி மாலைதான். அந்தச் சமயத்துக்கு நம் தோட்டத்திலும் நாலு பூ இருக்க வேண்டும் என்பது ஆசை. ஆனால் இந்த ஊரில் இருட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாலைப் பக்கம் கம்பெனிக் குடோன்களின் ஃபோகஸ் விளக்கு விடிய விடிய எரிகிறது. வாசல் விளக்கையும் அணைக்க முடியாது. ராகி முற்றும் காலத்தில் தளி, ஜவளகிரி வழியாக வரும் யானைக் கூட்டம் சானமாவுக் காட்டில்தான் முகாம் போடும். வெளிச்சமில்லாமல் ராத்திரி வெளியே கால் வைக்க யாருக்கும் துணிச்சல் வராது.

ஆகவே பாத்தியை வீட்டுக்குப் பின்னால், கிணற்றுச் சுவரோரம் மாற்றுகிறேன். காலை வெயில் அங்கே தாராளம், விளக்கு எட்டாது. மஞ்சள் கன்றுகள் சுவரையொட்டி, வெள்ளை முன்னால். வேர் பிடித்து ஒரு மாதம் ஆனதும், ஆனிக் கடைசியில், நுனி கிள்ள வேண்டும். அப்போதுதான் பக்கக் கிளை விடும்.