யு-87 யாருடையது?

கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்குப் பேருந்தில் போய் ஆராய்ச்சி செய்கிறேன். செம்பைக் கரிம மூலக்கூறு ஒன்றோடு பிணைத்துப் புதுச் சேர்மம் தயாரிப்பது, அது மூளைப் புற்றுநோய் செல்களைக் கொல்கிறதா என்று பார்ப்பது, இதுதான் வேலை. 96 குழிகள் உள்ள தட்டில் செல்களை வளர்த்து, சேர்மத்தைப் பல அளவுகளில் இட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை விடுவோம். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். செத்தது ஆக்காது. ஊதா படிப்படியாக வெளிறும் வரிசையைப் பார்த்தால் எனக்கு இப்போதும் உற்சாகம்தான்.

உலோகம் மருந்தானதே ஒரு வேடிக்கை. 1965-இல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க் பாக்டீரியாக்களில் மின்சாரம் பாய்ச்சியபோது அவை பிரியாமல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் அல்ல, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம். அதன்வழி வந்த சிஸ்பிளாட்டின் 1978-இல் அங்கே அனுமதி பெற்றது. விரைப் புற்றுநோயை வென்றது. மூளைக் கட்டியிடம் அந்த வெற்றி கிடைக்கவில்லை.

என் பெரியம்மா மகளுக்கு வந்தது அந்தக் கட்டிதான், கிளையோபிளாஸ்டோமா. அக்காவின் தலைவலியை வேலைக்குப் பயந்த சாக்கு என்றார்கள். வாந்தி எடுத்தபோது "விசேஷமா?" என்று கேட்டார்கள். ஸ்கேன் எடுக்க மாதங்கள் ஆயின. அடுத்த வருஷம் அக்கா இல்லை.

அதனால் பெரியம்மா கேட்டபோது பூசி மெழுக முடியவில்லை. "செல்லு செத்துருச்சுன்னா மருந்து கெடச்சிருச்சுன்னுதானே ஆத்தா?"

தட்டில் பினாயிலை ஊற்றினாலும் செல் சாகும் என்றேன். அதே அளவு நல்ல செல்லை விட்டுவைக்க வேண்டும். பெரும்பாலான மருந்துகளை உள்ளே விடாத மூளை ரத்தநாளச் சுவரைத் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் எலி, மனிதர் எல்லாம்.

இந்தச் செல்லு யாரோடது என்பது அடுத்த கேள்வி. நாங்கள் பயன்படுத்துவது யு-87. 1960-களில் ஸ்வீடனின் உப்சாலாவில் 44 வயதுப் பெண் ஒருவரின் கட்டியிலிருந்து வளர்த்தது என்றே உலகமெங்கும் எழுதிவந்தார்கள். 2016-இல் உப்சாலா ஆய்வாளர்கள் பாதுகாத்து வைத்திருந்த பழைய திசுவோடு மரபணுவை ஒப்பிட்டார்கள். பொருந்தவில்லை. உலகம் முழுக்கப் போய்க்கொண்டிருப்பதும் கிளையோபிளாஸ்டோமாதான், ஆனால் வேறு யாருடையதோ. செல் வங்கியின் பதிவேட்டில் பாலினம் இப்போது ஆண்.

"அப்ப அந்தப் பொம்பள?" என்றார் பெரியம்மா.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தரி 1923-இல் புற்றுநோயால் இறந்தார். 31 ஆண்டுகள் கழித்து அக்கா அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். சுந்தரியின் பெயர் நமக்குத் தெரியும், சொல்ல ஓர் அக்கா இருந்ததால். உப்சாலாப் பெண்ணுக்கு மிஞ்சியது வயது மட்டும்.

ஆய்வேட்டில் செல்லின் மூலத்தை ஒரு வரியில் முடிப்பது வழக்கம். நான் அந்தப் பெண்ணுக்கு ஒரு முழுப் பத்தி எழுதியிருக்கிறேன். நீளம் என்று வழிகாட்டி பென்சிலால் சுழித்திருக்கிறார். இன்னும் அழிக்கவில்லை.