கேமரன் மலைக்கு வரும் உறவினர் எங்கே கார் எடுப்பது?

தீபாவளி நெருங்கினாலும் பள்ளி விடுமுறை நெருங்கினாலும் எங்கள் தேயிலைத் தோட்டங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "வாத்தியாரே, மெட்ராசிலிருந்து அண்ணன் மகன் குடும்பத்தோட வர்றான். வாடகைக்குக் கார் எடுத்து அவனே ஓட்டிட்டு வர்றானாம். எங்கே எடுக்கச் சொல்லட்டும்?" என்று லயத்துப் பெரியவர்கள் கேட்பார்கள்.

அவர்கள் கேட்பது டாக்சியைப் பற்றியன்று. சாவியை வாங்கிக்கொண்டு நாமே ஓட்டும் காரைப் பற்றி. பத்து இருபது ரிங்கிட் மிச்சம் பிடிக்கும் வழியைத்தான் கேட்கிறார்கள் என்று பலர் எண்ணக்கூடும். என்னைக் கேட்டால், பணத்தைவிடப் பெரிய ஒன்று இதில் அடங்கியிருக்கிறது. மலைச்சாலையில் வண்டி ஓட்டுகிறவனின் கண்ணும் களைப்பும்தான் அது.

மலையும் அதன் சாலைகளும்

வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885-இல் இந்த மலைப் பகுதியை அளந்து குறித்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929-இல் ஜே.ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டி, சரிவில் செடி நட்டு, கூடை சுமந்து இதை வளர்த்தவர்களில் நம் முன்னோர்கள் முன்வரிசையில் நின்றார்கள் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனாலும் இங்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பேராக் மாநிலத்தின் வழியாகத்தான் ஏறி வருகிறார்கள். பழைய சாலை தாப்பாவிலிருந்து புறப்பட்டு, ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு வருகிறது. ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பிற்பாடு வந்த சாலை ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறுகிறது. ரிங்லெட்டிலிருந்து சுங்கை கோயான் பக்கம் இறங்கும் சாலையும் உண்டு. அது ஆள் நடமாட்டம் குறைந்த வழி, புதியவர்களுக்கு ஏற்றதன்று.

விமான நிலையத்தில் எடுத்தால் என்ன?

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது, கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கியதும் அங்கேயே கார் எடுப்பதுதான். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். பிள்ளைகளும் ஓய்ந்து போகமாட்டார்கள். இதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்து வருகிறவர் இரவில் விமானம் ஏறி, நான்கு மணி நேரம் அரைத் தூக்கம் தூங்கி, விடியலில் இறங்குகிறார். நம் கடிகாரம் காலை ஏழு என்று காட்டும்போது அவர் உடம்புக்கு மணி நாலரைதான். இந்திய நேரத்தைவிட நம் நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. லண்டனிலிருந்து வருகிறவர் நிலைமை இன்னும் மோசம். அந்த உடம்போடு அவர் ஓட்ட வேண்டிய தூரம் ஏறக்குறைய 260 கிலோமீட்டர். அதன் கடைசி 60 கிலோமீட்டர்தான் மலை வளைவு. நெடுஞ்சாலையில் கண் சோர்ந்தால் ஓய்விடத்தில் நிறுத்தலாம். மலை வளைவில் ஒதுங்க இடம் கிடைப்பது அரிது.

எங்கள் லயத்துப் பாட்டி ஒருவரின் பேரன் இப்படித்தான் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் கார் எடுத்து நேரே தாப்பா வழியாக ஏறியிருக்கிறார். வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வளைவுல கண்ணு தானா மூடிடுச்சு பாட்டி. எதிரே காய்கறி லாரிக்காரர் ஹாரன் அடிக்கலைன்னா என்ன ஆயிருக்குமோ" என்றார். பாட்டியின் முகம் வெளுத்துப் போயிற்று. அதன்பின் அந்தக் கார் மூன்று நாள் கோவிலடியில் சும்மா நின்றது. அதற்கும் வாடகை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பணக்கணக்கும் அதையே சொல்கிறது. வாடகையைப் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கு ஒரு நாள் என்று கணக்கிடுகிறார்கள். முதல் இரண்டு நாள் கோலாலம்பூரில் பத்துமலையும் கடைத்தெருவும் பார்க்கப் போகிறவருக்கு ரயில் போதும். அந்த நாள்களில் காரை நிறுத்தி வைத்து வாடகையும் நிறுத்துமிடக் கட்டணமும் கட்டுவது வீண். கார் எந்த நாளில் உண்மையாகத் தேவையோ, அந்த நாளில், தேவைப்படும் இடத்துக்குப் பக்கத்தில் எடுப்பதே முறை.

ஈப்போ: என் பரிந்துரை

ஆகவே நான் சொல்வது ஈப்போ. விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து இ.டி.எஸ். மின்ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. சன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைகள் வேடிக்கை பார்க்கலாம், அப்பா தூங்கலாம். இறங்குகிற நிலையமே ஒரு காட்சி. வெள்ளை மாளிகைபோல் நிற்கும் அந்தக் கட்டடத்தை உள்ளூர் மக்கள் 'ஈப்போவின் தாஜ்மகால்' என்பார்கள். இரவு அங்கே தங்கி, வயிறாறச் சாப்பிட்டு, நன்றாக உறங்கி, மறுநாள் காலையில் கார் எடுக்கட்டும். ஈப்போவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான்.

சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஈப்போவுக்கே நேரடி விமானமும் உண்டு. ஒரு காரியத்தை மட்டும் மறக்க வேண்டாம். ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விட்டால் கூடுதல் கட்டணம் கேட்பது வழக்கம். எடுத்த இடத்திலேயே திரும்பக் கொடுக்கும்படி பயணத்தை அமைத்துக்கொண்டால் அந்தச் செலவு மிஞ்சும்.

எந்தச் சாலையில் ஏறுவது?

இது போய்ச் சேரும் தோட்டத்தைப் பொறுத்தது. புளூவேலி, கம்போங் ராஜா, சுங்கை பாலாஸ் பக்கம் வருகிறவர்களுக்குச் சிம்பாங் பூலாய்ச் சாலை நல்லது. சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டியதும் சாலை அகலமாக ஏறும். வளைவுகளும் தாப்பாச் சாலையைப்போல் அடுக்கடுக்காக வருவதில்லை.

ரிங்லெட், ஹபு, போ தோட்டத்துப் பக்கம் வருகிறவர்கள் வாரக் கடைசியில் அவ்வழியே வந்தால் கியா பாரம், பிரிஞ்சாங், தானா ராத்தா ஆகிய மூன்றையும் கடக்க வேண்டும். காய்கறிச் சந்தையும் ஸ்ட்ராபெரித் தோட்டமும் பார்க்க வந்த கூட்டத்தில் கார் நத்தையாய் ஊரும். அவர்கள் ஈப்போவில் கார் எடுத்திருந்தாலும், நெடுஞ்சாலையில் தெற்கே தாப்பாவுக்கு இறங்கி ஏறுவது மேல். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவியில் சற்றுக் கால் நனைக்கலாம்; சாலையோரத்தில் பூர்வகுடி மக்கள் விற்கும் பெத்தாயும் வாங்கலாம்.

அகலமான சாலை ஆபத்தில்லாத சாலை என்று எண்ணிவிடக் கூடாது. 2010 டிசம்பரில் சிம்பாங் பூலாய்ச் சாலையில் இறங்கிய சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து, தாய்லாந்துப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே சாலையில் மண் சரிவுகளும் ஏற்பட்டதுண்டு. புறப்படும் நாளன்று சாலை திறந்திருக்கிறதா என்று நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். கனமழையிலும் இரவிலும் ஏற வேண்டாம்.

சாவி வாங்குமுன்

வெளிநாட்டு உறவினர் தங்கள் ஓட்டுநர் உரிமத்தோடு அனைத்துலக ஓட்டுநர் உரிமமும் கொண்டு வரட்டும். இந்தியாவில் அதை ஓராண்டுக்குக் கொடுக்கிறார்கள். நம் நாட்டிலும் இடப்பக்கமே ஓட்டுவதால் அவர்களுக்குத் தடுமாற்றம் இராது. நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிக்கு 'டச் அன் கோ' அட்டை காரில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். குழந்தைக்குத் தனி இருக்கை நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் கட்டாயம். அதையும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். காரின் கீறல்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகு கையெழுத்திடலாம். எண்ணெயை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.

இறங்கும்போது பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டு வரக் கூடாது. பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைந்துவிடும். தாழ்ந்த கியரில் போட்டு, எஞ்சினே காரை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். நம் தோட்டத்து லாரி ஓட்டுநர்களுக்கு இது பால பாடம். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லத்தான் வேண்டும்.

தோட்டத்துக்குள் வரும் ஒற்றைவழிப் பாதையில் வாடகைக் காரைக் கொண்டு வருவது எனக்குச் சம்மதமில்லை. மண் பாதையில் ஏற்படும் சேதத்துக்குப் பல ஒப்பந்தங்களில் காப்புறுதி கிடையாது. டவுனில் காரை நிறுத்தட்டும். நம் பையன் ஒருவன் லேண்ட்ரோவரில் போய் அழைத்து வந்தால் போயிற்று. அதில் குலுங்கிக்கொண்டு வருவதை விருந்தாளிகளின் பிள்ளைகள் ஊருக்குப் போயும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நாம் போகும்போதும் இதே கணக்கு

நாம் தமிழ்நாட்டுக்குப் போகும்போதும் இதையே பின்பற்றலாம். தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊர் இருந்தால் சென்னையில் ஏன் கார் பிடிக்க வேண்டும்? கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரே விமானம் உண்டு. அங்கே இறங்கி, ஊர் வழி தெரிந்த ஓட்டுநரோடு கார் அமர்த்தலாம். நீலகிரித் தேயிலையைப் பார்க்கப் போகிறவர் கோயம்புத்தூர் வரை ரயிலிலோ விமானத்திலோ போகட்டும். கொண்டை ஊசி வளைவு தெரிந்த ஓட்டுநர் அங்கே கிடைப்பார். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலும் ஏறுகிறது.

மலைக்குப் போகிறவர் காரை மலையடிவாரத்தில், உறங்கி எழுந்த காலையில் எடுக்க வேண்டும். வருகிற விடுமுறைக்கு யாராவது வருவதாகச் சொல்லியிருந்தால், விமானச் சீட்டு வாங்குமுன்பே இதைத் தெரிவித்துவிடுங்கள். அரை நாள் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. அவர்கள் சுகமாக வந்து சேரட்டும்.