சுவர் எடுத்த பட்டாசல்

வைகாசி 18

பட்டாசலின் நடுச்சுவரை எடுக்கப் பெரியம்மா சரி என்று சொல்லிவிட்டாள். மும்பையில் இருக்கும் அவள் மகன், என் அண்ணன், முன்னமே போனில் சம்மதம் கொடுத்திருந்தான். ஆனாலும் வீட்டின் அந்தப் பாதியில் குடியிருப்பவள் அவள். அவள் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன். "எடுத்துப் போட்டிரு. ராத்திரி நான் கூப்பிட்டா ஒங்கம்மைக்குக் கேக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். 1978-ல் எழுதியது. தெருவாசலிலிருந்து புறவாசல் வரை வீட்டை நீளவாக்கில் பிளந்து, தென்பாதி பெரியப்பாவுக்கு, வடபாதி அப்பாவுக்கு. முற்றம் அவர்கள் பக்கம் போயிற்று, கிணறு எங்கள் பக்கம் வந்தது. கிணற்றில் நீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியம் இரண்டு பேருக்கும் உண்டு என்று ஒரு வரி இருக்கிறது. வெளிச்சத்துக்கான பாத்தியம் எந்த வரியிலும் இல்லை. திருநெல்வேலி டவுனில் ரத வீதிகளை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லை. தெருவாசல், முற்றம், புறவாசல் என்ற மூன்றும்தான் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வழி. முற்றம் போனதால் எங்கள் பாதிப் பட்டாசலில் இத்தனை வருஷமும் நண்பகலில் டியூப்லைட் எரிந்தது.

அம்மாவுக்கு 78, பெரியம்மாவுக்கு 84. இரண்டு பேரும் தனித்தனி அடுக்களையில் பொங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தனியாகப் படுத்துக்கொள்கிறார்கள். இந்தச் சுவரை எடுக்க எனக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

வைகாசி 26

கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "இது கனம் தாங்குத சுவர் இல்ல சார், ஒரு நாள் வேலை" என்றார். இன்ஜினியர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய வீட்டில் கை வைக்கிற யாருக்கும் உதவும்.

எங்கள் வீட்டுத் தட்டட்டி கான்கிரீட் போட்டதில்லை. பழைய மட்டப்பா, கட்டடக்காரர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். பக்கச் சுவருக்கும் நடு உத்திரத்துக்குமாக வரிசையாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின்மேல் சின்னச் செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதற்கும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி நாள்கணக்கில் அடித்து இறுக்கி, தட்டோடு பதித்திருக்கிறார்கள். மொத்தப் பாரத்தில் பாதி அந்த நடு உத்திரத்தில்தான் இறங்குகிறது. பிரிவினைச் சுவரை எழுப்பியது அதற்கு நேர் கீழே. எழுப்பிய நாளில் சுவர் எதையும் தாங்கவில்லை, உண்மைதான். ஆனால் மரம் வருஷக்கணக்காகப் பாரம் சுமந்தால் துளித்துளியாகத் தொய்யும். தொய்ந்து, அடியில் இருக்கிற சுவரின் தலையில் உட்கார்ந்துவிடும். சும்மா மறைப்புக்குக் கட்டியது தன்னையறியாமல் சுமைதாங்கியாகிவிடும். இதைப் பார்க்காமல் கடப்பாரையைத் தொட்டால் தட்டட்டி இறங்கும்.

ஆகவே முதலில் உத்திரத்தின் இரண்டு பக்கமும் கட்டைகளுக்கு இரும்பு ஜாக்கி வைத்து முட்டுக் கொடுப்பது. பிறகு மேல் வரிசைச் செங்கலை மட்டும் உளியால் தளர்த்திப் பார்ப்பது. கையோடு வந்தால் அங்கே பாரம் இல்லை. உளியைக் கவ்விப் பிடித்தால் இருக்கிறது. மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகத்தான் எடுக்க வேண்டும். இடையில் ஓட்டை போடவே கூடாது.

ஆனி 2

வாசல் பக்கத்துச் செங்கல் கையோடு வந்தது. நடுவில் உளி மாட்டிக்கொண்டது. இன்ஜினியர் ஜாக்கியை அரைத் திருகு ஏற்றச் சொன்னார்; உத்திரம் ஒரு முனகல் விட்டது; செங்கல் விடுபட்டது.

மத்தியானத்துக்கு மேல் செங்கலுக்கு நடுவே மரம் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வந்துகூடப் பார்க்கவில்லை. "தூணு ரெண்டும் உள்ளதான நிக்கி. மறைச்சுத்தான கட்டுனாங்க" என்றாள் அடுக்களையிலிருந்து. எனக்குத் தெரியாத தூண்கள். நான் பிறந்தபோது சுவர் இருந்தது.

சாயங்காலத்துக்குள் இரண்டும் முழுசாக வெளியே வந்துவிட்டன. தலையில் பூமொட்டுச் செதுக்கிய போதிகை. சிமெண்டுச் சாந்து ஒட்டியிருந்த இடமெல்லாம் வெளிறியும், ஒட்டாத இடம் கரும்பழுப்பாக மினுங்கியும் ஒரே தூணில் இரண்டு நிறம். கிழக்குத் தூணை ஆசாரி உளிப்பிடியால் அடியிலிருந்து தட்டிக்கொண்டே போனார். முழங்கால் உயரம் வரை பொத்துச் சத்தம். அதற்கு மேல் கணீரென்று இருந்தது. சிமெண்டுக்குள் ஈரம் போக வழியில்லாமல் நின்று, கரையான் ஏறியிருக்கிறது. முட்டு நிற்கும்போதே செத்த பாகத்தை அறுத்துவிட்டு, அந்த உயரத்துக்குக் கருங்கல் பாதம் வைத்துத் தூணை அதன்மேல் இறக்கலாம் என்றார். மேற்குத் தூணுக்கு ஒன்றும் இல்லை.

ஆனி 9

கல் பாதம் உட்கார்ந்துவிட்டது. முட்டுகளை எடுத்தாயிற்று.

சுவர் போன இடத்தில் தரையில் நீளமாக ஒரு வாய்க்கால். ஒரு பக்கம் பெரியப்பா போட்ட மொசைக். எங்கள் பக்கம் தாத்தா காலத்துச் சிவப்பு சிமெண்ட். மொசைக் ஒரு இஞ்ச் உயரம். இரண்டையும் பெயர்த்துவிட்டு மொத்தமாக டைல்ஸ் ஒட்டலாம் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எண்ணெய்க் கையும் வெறுங்காலும் பட்டுப் பட்டு வந்த சிவப்புத் தரையின் வழவழப்பை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஒட்டுப்போட்டாலும் நிறம் சேராது. எனவே வாய்க்காலில் கடப்பாக் கல் பட்டை போட்டு, அதையே இரண்டு மட்டத்துக்கும் சரிவாக இழைக்கச் சொன்னேன். பெரியம்மாவின் வாக்கர் தட்டாமல் ஏறி இறங்க வேண்டும்; அதை வாங்கிவந்து உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் கல்லைப் பதிக்க விட்டேன்.

முன்சுவரிலும் பின்சுவரிலும் பிரிவினைச் சுவர் கடித்திருந்த தழும்புகளுக்குச் சிமெண்ட் பூச விடவில்லை. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமெண்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அதற்குத்தான் கிழக்குத் தூண் சாட்சி இருக்கிறதே. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசத் தெரிந்த ஒரு பெரியவர் மேலப்பாளையத்திலிருந்து வந்தார்.

ஆனி 24

தேரோட்டம். கொத்தனாரும் சித்தாள்களும் வடம் பிடிக்கப் போய்விட்டார்கள். வீடு முழுக்க உறவுக்காரர்கள். எல்லாருக்கும் பட்டாசலைப் பற்றி ஒரு யோசனை இருந்தது.

தங்கச்சி மகன் கட்டடக்கலை படிக்கிறான். லேப்டாப்பில் வரைந்தே கொண்டு வந்துவிட்டான்: முற்றத்தைப் பார்த்தபடி L வடிவச் சோபா, எதிரே பெரிய டிவி, நடுவில் கம்பளம், பின்னால் எட்டுப் பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை. படத்தில் அழகாகத்தான் இருந்தது. அதில் இரண்டு கிழவிகளும் இல்லை. அவர்கள் கட்டில்கள் பின்கட்டுக்குப் போயிருந்தன.

அவனிடம் வண்ணார்பேட்டை டி.கே.சி. வீட்டைப் பற்றிச் சொன்னேன். அந்த வீட்டு வட்டமான தொட்டிக்கட்டில்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகராஜன் போன்றவர்களெல்லாம் கூடிக் கம்பனைப் பேசினார்கள். வட்டத்தொட்டி என்று தமிழ்நாடே அறிந்த பெயர் அந்த இடத்தால் வந்தது. அங்கே ஆட்களைக் கூட்டியது நடுவில் இருந்த வெறுமை. முற்றம் வைத்த நம் வீடுகள் எல்லாவற்றுக்கும் அந்தக் கணக்குத்தான்: சாமான் சுவரோரம், மனுஷர் நடுவில். பட்டாசலில் கல்யாணம் நடந்தது, நெல் காய்ந்தது, பிள்ளைகள் படுத்து உருண்டார்கள், கடைசியில் பிணமும் அங்கேதான் கிடந்தது. அத்தனைக்கும் இடம் கொடுத்தது அது காலியாக இருந்ததால். பையன் வாதாடினான், நானும் விடவில்லை. ஆனால் டிவி பற்றி அவனே ஒன்று கண்டுபிடித்துச் சொன்னான்: முற்றத்துக்கு எதிரே வைத்தால் பகல் முழுக்கத் திரையில் முற்றம்தான் தெரியும்.

ஆனி 29

அடுக்க ஆரம்பித்தோம். முதலில் சாமான் எதையும் தொடாமல் வழியை மட்டும் சாக்பீஸால் தரையில் வரைந்தேன். இரண்டு தெருவாசலிலிருந்தும் புறவாசல் வரை நேர்க்கோடு, மூன்றரை அடி அகலம். வாக்கரும் பக்கத்தில் கைபிடித்துப் போகிற ஒரு ஆளும் சேர்ந்து போகிற அளவு. தெரு மேற்கே இருப்பதால் இந்த மாதத்தில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றும் அதே கோட்டில்தான் ஓடுகிறது. ஆள் போகிற வழியில் கட்டில் கிடந்தால் இடிக்கும், காற்று போகிற வழியில் கிடந்தால் ஆடி மாதம் முழுக்கக் கிழவிகளுக்கு இருமல். ஒரே கோடு இரண்டையும் தீர்த்துவிட்டது.

அடுத்தது கட்டில்கள். பக்கத்தில் பக்கத்தில் போடலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அம்மா காலை நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளிக்கிறவள். பெரியம்மா பன்னிரண்டு மணிக்கு முன்னால் கண் மூட மாட்டாள். "நான் கெடந்த எடத்துலயே கெடக்கேன்" என்றாள் அம்மா. பெரியம்மாவும் அதையே சொன்னாள். சுவர் இருந்தபோது கிடந்த அதே இடத்தில், அதே திசையில், அவரவர் பாதியில் கட்டில் கிடக்கிறது. இப்போது ஒருத்தி தலையைத் திருப்பினால் இன்னொருத்தி தெரிகிறாள்.

இதை வைத்துத்தான் மற்றதெல்லாம் தீர்மானமாயிற்று. ஒன்றாக்குகிறோம் என்று சொல்லி அவரவர் இடத்தை அழிப்பது பிரிவினைச் சுவரைவிடக் கொடுமை. அதனால் சில சாமான் இரண்டு வேண்டும்: மின்விசிறி இரண்டு, தலைமாட்டில் சுவிட்ச் இரண்டு, சாய்வு நாற்காலி இரண்டு, தண்ணீர்ச் செம்பு இரண்டு. அடுக்களையும் இரண்டாகவே இருக்கட்டும். யார் குழம்பு வைத்தாலும் கிண்ணம் இந்தப் பக்கம் வரும், அந்தப் பக்கம் போகும். டிவி பட்டாசலில் கிடையாது. தெருப்பக்கத்துத் தார்சாவில் ஒன்று. பார்க்க வேண்டியவர்கள் அங்கே போய்ப் பார்க்கட்டும். விளக்கு மாடம் எது என்று நான் கேட்கத் தயங்கினேன். பெரியம்மாவே அம்மாவிடம் சொல்லி முடித்தாள்: "ஏளா சொர்ணம், பழைய மாடத்துலயே ஏத்து. எண்ணெய் மட்டும் நான் வாங்கித் தாரேன்."

ஆடி 3

மச்சிலிருந்து தாத்தாவின் ஊஞ்சல் பலகையை இறக்கினோம். பலாமரம், ஆறடி நீளம், இரண்டடி அகலம். உத்திரத்தில் கொக்கிகள் துருப்பிடித்து அப்படியே இருக்கின்றன. ஆட்டத்தின் பாரத்தைத் தொய்ந்த உத்திரத்தில் ஏற்றக் கூடாது என்று ஆசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பலகைக்கு நாலு கால் அடித்து, இரண்டு தூணுக்கும் நடுவே, கடப்பாப் பட்டைமேல் போட்டோம். சாய்மானம் இல்லாததால் எந்தப் பக்கம் பார்த்தும் உட்காரலாம். காலையில் கீரை ஆய்வது, சாயங்காலம் பூக் கட்டுவது எல்லாம் இப்போது அதில். சோபா வாங்கவில்லை.

ஆடி அமாவாசைக்கு அண்ணன் குடும்பத்தோடு வருகிறான். படுக்கைக்குப் பத்தமடையிலிருந்து பாய் வாங்கிவந்தேன். தாமிரபரணிக் கரைக் கோரையை ஓடுகிற தண்ணீரில் ஊறவைத்து, கீறி நெய்கிற மெல்லிய பட்டுப்பாய் விலை எட்டவில்லை, நாட்டுப்பாய்தான். சுருட்டி நிறுத்தினால் தூணோரம் ஒரு சாண் இடம். விரித்தால் பட்டாசல் முழுக்கப் படுக்கை.

ஆடி 6

கொத்தனார் கடைசியாக ஒன்று கேட்டார். பிரிவினையின்போது எங்களுக்குத் தனிவாசல் வைக்கத் திண்ணையை உடைத்திருந்தார்கள். இப்போது அந்த வாசலை அடைத்துத் திண்ணையை முழுசாக்கிவிடலாமா என்றார். மணலும் செங்கலும் மிச்சம் இருக்கிறது. எனக்கும் ஆசைதான். அம்மாவைக் கேட்டேன்.

"அது என் வாசல்லா" என்றாள்.

மிச்ச மணல் தட்டட்டிக்குப் போகிறது. முற்றத்தை ஒட்டித் தட்டோடு நாலைந்து இடத்தில் விரிந்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் சுண்ணாம்பு அடைத்தாக வேண்டும்.