வெந்நீர் போதவில்லை என்றவர்

மருத்துவக் கல்லூரிக்குக் காது மூக்கு தொண்டைப் பேராசிரியர் தேவை என்ற விளம்பரம் கண்ணில் பட்டால் முழுக்கப் படித்துவிடுவேன். பட்டம், அனுபவம், ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் கேட்டிருப்பார்கள். நோயாளி பேசினால் காது கொடுப்பவரா என்று மட்டும் கேட்பதில்லை. எனக்கு உடனே ராபர்ட் பாரனி நினைவுக்கு வருவார்.

வியன்னாவில் ஆடம் பொலிட்ஸரின் காது மருத்துவப் பிரிவில் பாரனி இளம் மருத்துவர். தண்ணீர் பீய்ச்சிக் காது கழுவுவது அன்றாட வேலை. அப்போது பலருக்குத் தலை சுற்றும். ஒரு நோயாளி, தண்ணீரில் சூடு போதாவிட்டால்தான் சுற்றுகிறது, வீட்டில் நல்ல வெந்நீரில் கழுவினால் சுற்றுவதே இல்லை என்றார். பாரனி இன்னும் சூடாகக் கேட்டார். இந்தச் சூடே போதும் என்றார் செவிலி. நோயாளிக்குப் போதவில்லையே என்று பாரனி விடவில்லை. அடுத்த முறை தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. நோயாளி அலறினார், மறுபடியும் தலைசுற்றல். பாரனி அவர் கண்களைப் பார்த்தார். குளிர்ந்த நீருக்கு ஒரு பக்கம் துடித்த விழிகள், இப்போது எதிர்ப்பக்கம் துடித்தன.

சிறுவயதில் குளியல் கொதிகலனில் கை விட்டபோது அடித்தண்ணீர் சில்லென்று இருந்ததும் மேல்தண்ணீர் சுட்டதும் அவர் நினைவுக்கு வந்தது. உள்காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவமும் சூடானால் மேலேறும், குளிர்ந்தால் இறங்கும். தலையைத் திருப்பி வைத்தால் விழி துடிக்கும் திசையும் மாற வேண்டும். மாறியது. (1983-இல் ஸ்பேஸ்லாப் விண்கூடத்தில், எடையற்ற நிலையிலும் விழிகள் துடித்தன. அந்த விளக்கத்துக்கு அப்பாலும் ஏதோ இருக்கிறது என்பது எனக்கு இன்னும் பிடித்த செய்தி.) இன்றும் தலைசுற்றலுக்கு 30, 44 டிகிரி நீரால் இதே சோதனைதான். மூளைச்சாவை உறுதிசெய்யும்போதும் காதில் பனிநீர் விட்டு விழி அசைகிறதா என்று பார்க்கிறார்கள்.

1914-க்கான நோபல் பரிசு பாரனிக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதி. ஸ்வீடன் இளவரசர் கார்ல் தலையிட்டதால் 1916-இல் விடுதலையானார். வியன்னா திரும்பினால், பிறர் கண்டுபிடிப்புகளைச் சரியாகக் குறிப்பிடவில்லை என்று சக மருத்துவர்களின் குற்றச்சாட்டு. 1917-இல் உப்சாலா பல்கலைக்கழகம் அவரைத் தன் காது மருத்துவப் பிரிவுக்குத் தலைமையேற்க அழைத்துக்கொண்டது. 1936-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அந்த வகையில் உப்சாலா செய்த தேர்வை நான் மனதார மெச்சுகிறேன்.

நேர்காணலுக்கு வருபவரை ஒரு காலைப்பொழுது புறநோயாளிப் பிரிவில் உட்காரவைக்கலாம். தேர்வுக் குழுவினர் பின்னால் அமர்ந்து, நோயாளி சொல்லி முடிக்கும்வரை அவர் பொறுக்கிறாரா என்று பார்க்கட்டும். கட்டுரைகளை மாலையில் எண்ணிக்கொள்ளலாம்.