விழுந்துகொண்டேயிருக்கும் வீடு

ஆடலூர், 25 ஜூன் 2025

இன்று நண்பகல் 12.01 மணிக்கு, புளோரிடாவிலுள்ள கென்னடி விண்வெளி மையத்தினின்று பால்கன் 9 ராக்கெட் கிளம்பி, லக்னோவில் பிறந்த சுபான்ஷு சுக்லாவையும், பயணத் தலைவி பெக்கி விட்சனையும், போலந்து, ஹங்கேரி தேசத்தவர் இருவரையும் சர்வதேச விண்வெளி நிலையத்தை நோக்கி ஏற்றிச் சென்றது. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா ரஷ்யரின் சல்யூத் 7 நிலையத்துக்குப் போய் வந்த பிறகு, நம் தேசத்தவர் ஒருவர் விண்ணில் பூமியைச் சுற்றிச் சஞ்சரிப்பது இதுவே முதல் தடவை.

மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும், "அந்த நிலையம் ஏன் தாத்தா கீழே விழுவதில்லை?" என்று கேட்டாள் ஒரு சிறுமி. அங்கே ஆகர்ஷண சக்தி இல்லை என்று பெரியவர்களே சொல்லிவிடுவதுண்டு, அது பிசகு. நிலையம் சுற்றும் 400 கிலோமீட்டர் உயரத்திலும் பூமியின் இழுப்பு, தரையில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. அதிசயத்தை மட்டும் சொல்லிக் காரணத்தைச் சொல்லாமல் விடுவது பிள்ளைகளுக்கு இழைக்கும் அநீதி என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே மலைச் சரிவின் விளிம்புக்கு அவர்களை அழைத்துப்போய்க் கல்லெறியச் சொன்னேன். மெல்ல எறிந்த கல் அருகிலுள்ள காப்பிச் செடிகளுக்கிடையே விழுந்தது; ஓங்கி எறிந்தது வாழைத் தோப்பைத் தாண்டியது. இன்னும் வேகம், இன்னும் வேகம் என்று கூட்டிக்கொண்டே போய், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில், காற்றின் தடையற்ற உயரத்திலே எறிய முடியுமானால், கல் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவுக்கு உருண்டையான பூமியும் வளைந்து விலகுமாதலால், அது விழுந்துகொண்டேயிருந்தும் தரையைக் காணாமல் உலகைச் சுற்றிவரும். மலையுச்சியில் பீரங்கியை வைத்து நியூட்டன் கற்பனை செய்தது இதைத்தான். நிலையமும் உள்ளிருப்போரும் ஒன்றாகவே விழுவதால்தான் அவர்கள் மிதக்கிறார்கள்.

26 ஜூன்

மாலை 4.01க்குச் சுக்லா குழுவினரின் கலம் நிலையத்தைச் சேர்ந்தது. 400 கிலோமீட்டருக்கு 28 மணி நேரமா என்று பையன்கள் ஆச்சரியப்பட்டார்கள். நிலையம் ஓரிடத்தில் நிற்கவில்லையே! தாழ்ந்த பாதையில் செல்வது பூமியைச் சீக்கிரம் சுற்றிவிடும். ஆகையால் கலம் முதலில் தாழ்வாகச் சுற்றி, முன்னே செல்லும் நிலையத்தை எட்டிப்பிடித்துக்கொண்டே, சிறுகச் சிறுக உயர்ந்து சேர்கிறது.

10 ஜூலை

சுக்லா அங்கே வெந்தயத்தையும் பாசிப்பயற்றையும் முளைக்க வைத்திருக்கிறார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ராக்கெட்டைவிட இதில்தான் ருசி அதிகம். இருட்டில் புதைந்த விதை எந்தப் பக்கம் வேர் விடுவதென்று எப்படி அறிகிறது? வேர் நுனியின் உயிரணுக்களிலுள்ள நுண்ணிய மாவுத் துகள்கள், தம் பாரத்தால் அடியில் படிவதைக் கொண்டே அது கீழ்த்திசையை உணர்கிறது. எல்லாம் சேர்ந்து விழும் இடத்தில் அத்துகள்கள் படிவதில்லை. நெடுந்தூர விண்வெளிப் பிரயாணங்களில் மனிதன் தன் உணவைத் தானே பயிரிட வேண்டிவரும் என்பதால், முளைத்தவற்றைத் தரைக்குக் கொணர்ந்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்துச் சோதிக்கத் தார்வாட் நகரத்து விஞ்ஞானிகள் திட்டமிட்டிருக்கிறார்கள்.

நிலையத்துக்கு ஒன்றரை மணிக்கொரு பிரதக்ஷிணம், நாளொன்றுக்குப் பதினாறு சூரியோதயம் என்றதும், அப்படியானால் பள்ளிக்கூடம் எத்தனை தடவை என்று கேட்டான் மிகச் சிறியவன்.

15 ஜூலை

நேற்று மாலை நிலையத்தைப் பிரிந்த கலம், இன்று பிற்பகல் 3.01க்கு, கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் பசிபிக் சமுத்திரத்தில் பாராசூட் விரித்து இறங்கியது. அத்தனை வேகத்தையும் பெரும்பாலும் காற்றோடு மோதியே இழக்க வேண்டியிருப்பதால் பிறக்கும் கொடிய உஷ்ணத்தை அடிப்புறத்துக் கவசம் ஏற்றுக்கொள்கிறது. நிற்கவும் நடக்கவும் வேலையின்றித் தசையும் எலும்பும் நலிந்துவிடுவதால், வந்தவர்கள் சில நாள் வைத்தியர் மேற்பார்வையில் இருக்க வேண்டும்.

"நம் ஊர்க்காரர் போவாரா?" என்றாள் அந்தச் சிறுமி. நம் தேசமே மனிதரை விண்ணுக்கு அனுப்பவிருக்கும் ககன்யான் திட்டத்துக்கென 2024இல் அறிவிக்கப்பட்ட நால்வரில் சுக்லாவோடு, சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் இருக்கிறார். அவர்களைச் சுமக்கப்போகும் ராக்கெட்டின் விகாஸ் இயந்திரங்களையும் கிரையோஜெனிக் இயந்திரத்தையும் சோதித்துப் பார்க்கும் மகேந்திரகிரியோ, நம் பழனி மலை எந்தத் தொடரினின்று கிழக்கே கிளைத்ததோ, அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது.