பின்னால் வரும் காருக்காக

ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலான வடக்கு தெற்கு நெடுஞ்சாலை நம்மில் பலருக்கு மனப்பாடம். தீபாவளிக்கு, திருமணத்துக்கு, துக்கத்துக்கு என்று எத்தனை முறை போய் வந்திருப்போம்! 1994இல் இந்த நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டபோது நான் சிறுபிள்ளை. 110 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு இது ஒரே மாதிரியான சாலைதான். சுண்ணாம்புக் குன்று, செம்பனை, தாப்பாவில் ஒரு தேநீர், மறுபடியும் செம்பனை, பிறகு டோல். இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும்.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் போனேன். எனக்குப் பின்னால் திறந்த டிரெய்லர் ஒன்றில் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். வாழ்க்கையில் முதன்முறையாக டிரெய்லர் இழுக்கிறேன். பழகிய சாலை அன்று வேறு சாலையாக இருந்தது.

கார் என் தாய்மாமாவுடையது. புந்தோங்கில் 30 ஆண்டுகளுக்கு மேல் பட்டறை நடத்தியவர். இடத்தின் உரிமையாளர் நிலத்தைத் திரும்பக் கேட்டுவிட்டார். மாத இறுதிக்குள் காலி செய்யவேண்டும். பட்டறையில் கடைசிவரை இருந்த இரண்டு தொழிலாளர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுக்க வேண்டும். கையில் அவ்வளவு பணமில்லை. அவரிடம் விலைபோகும் பொருள் இந்தக் கார் ஒன்றுதான்.

டோயோட்டா எம்ஆர்2. 1984இல் வெளிவந்த முதல் தலைமுறை. ஜப்பானில் பெருமளவில் தயாரிக்கப்பட்ட கார்களில் இயந்திரத்தை நடுவில், அதாவது இருக்கைகளுக்குப் பின்னால் வைத்த முதல் கார் இதுதான். இரண்டு பேர் மட்டுமே உட்காரலாம். முன்விளக்குகள் தூங்கும் கண்கள் போல மூடியிருந்து, தேவைப்படும்போது எழுந்து நிற்கும். மாமா இதை வெறும் கூடாகத்தான் வாங்கினார். 11 ஆண்டுகள் பட்டறையின் பின்மூலையில் வைத்து, வேலை இல்லாத மாலைகளில் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்தார்.

வாங்குபவர் சுங்கை பூலோவில் இருக்கிறார். முன்பணம் கொடுத்துவிட்டார். கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தால் மீதிப்பணம் என்று பேச்சு. காருக்குச் சாலை வரி இல்லாததால் ஓட்டிப்போக முடியாது. இழுவை லோரியைக் கூப்பிடலாமே என்றேன். “யாரோ ஒருத்தர் சங்கிலியைப் போட்டு என் காரை மேலே இழுக்கிறதை என்னால பார்க்க முடியாதும்மா” என்றார். அவருக்குக் கண்ணில் புரை நீக்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வண்டி ஓட்டக்கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. என் அண்ணன் லூமூட்டில் படகு இழுக்கப் பயன்படுத்தும் ஹைலக்ஸ் இருந்தது. செப்பாங்கிற்குப் பந்தயக் கார்களைக் கொண்டுபோகும் மாமாவின் நண்பர் டிரெய்லரைக் கொடுத்தார். ஓட்டுவதற்கு நான் இருந்தேன். உரிமம், பதிவு, காப்புறுதி மூன்றையும் ஜேபிஜேயில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கினோம்.

ஒரு சாண் தூரம்

டிரெய்லர் என்றால் கொக்கியை மாட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போவதுதானே என்று நினைப்போம். சனிக்கிழமை முழுவதும் அந்த நினைப்பை மாமா மெல்லக் கழற்றினார்.

முதல் பாடம் கனம். கார் ஒரு டன்னை ஒட்டி வரும். இரண்டு ஆக்சில் கொண்ட டிரெய்லர் சுமார் 700 கிலோ. மொத்தம் 1,700 கிலோ. இதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு டிரெய்லரின் மூக்கில், அதாவது ஹைலக்ஸின் கொக்கி உருண்டைமேல் அழுந்தவேண்டும். கனம் பின்பக்கம் போய்விட்டால், வேகம் கூடும்போது டிரெய்லர் மீன் வாலைப்போல ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். மூக்கில் அளவுக்கு மீறிக் கனம் வைத்தால் ஹைலக்ஸின் பின்பகுதி தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி குறையும்.

சாதாரணக் காரில் இயந்திரம் முன்னால் இருக்கும். இதில் பின்னால் இருப்பதால், வழக்கமான இடத்தில் நிறுத்தினால் கணக்கு தப்பும். பழைய இரும்புக் கடையிலிருந்து எடைத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து டிரெய்லரின் மூக்குக்கடியில் வைத்தார் மாமா. 120 கிலோ காட்டியது. காரை ஒரு சாண் முன்னே நகர்த்தினார். முள் 170ஐ ஒட்டி நின்றது. ஒரு சாண் தூரத்தில் 50 கிலோ வித்தியாசம்! நான் வியந்து நின்றேன். அவர் சாக்கட்டியால் சக்கரத்தைச் சுற்றி அடையாளம் போட்டார்.

கார் தரையோடு தரையாக இருப்பதால் ஏற்றும்போது முன்பம்பர் இடிக்கும். அதனால் சரிவுப் பலகைகளின் கீழே இன்னும் இரண்டு பலகைகள் கொடுத்துச் சாய்வைக் குறைத்திருந்தோம். பிறகு கட்டுவது. உடலில் பட்டை போடாமல் நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியாக ராட்செட் பட்டை போட்டார். உடலைக் கட்டினால், பள்ளத்தில் இறங்கும்போது ஸ்பிரிங் அமுங்கிப் பட்டை தளரும். சக்கரத்தைக் கட்டினால் கார் மேலே தன்போக்கில் அசையலாம், பட்டை தளராது. ஒவ்வொரு பட்டையிலும் அரை முறுக்கு விட்டார். தட்டையாக விட்டால் காற்றில் அதிர்ந்து வழி நெடுக ஊளையிடுமாம். ஒலியை நம்பிப் பிழைக்கும் எனக்கு அந்தப் பாடம் உடனே பிடித்துப்போனது.

கொக்கிக்குக் கீழே இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காகப் போட்டோம். கொக்கி கழன்றால் டிரெய்லரின் மூக்கு சாலையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தாங்கிக்கொள்ளும். அதையும் மீறிப் பிரிந்தால், டிரெய்லரின் பிரேக்கைத் தானே இழுத்துவிட ஒரு மெல்லிய கம்பி. காருக்கு மேல் தார்ப்பாய் போடலாமா என்று கேட்டேன். “வேணாம் பாப்பா. காத்துல படபடன்னு அடிச்சு, சாயத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி ஆக்கிடும்” என்றார்.

காரை ஏற்றுவதற்கு முன், அன்று காலை வெறும் டிரெய்லருடன் ஒரு காலி மைதானத்தில் பின்னுக்கு எடுத்துப் பழகினேன். ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். டிரெய்லர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். கொஞ்சமாக, மெதுவாக. கோணல் அதிகமானால் முன்னே இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி தொடங்குவது. மைதான ஓரத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் இலவசமாகப் படம் பார்த்தார்கள்.

மேடும் காற்றும்

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். நேராக நெடுஞ்சாலை ஏறவில்லை. பட்டைகள் முதல் சில கிலோமீட்டரில் தளர்வது இயல்பு. சிம்பாங் பூலாய் டோலுக்கு முன் நிறுத்திப் பார்த்தோம். இரண்டு பட்டைகள் இரண்டு மூன்று ‘கிளிக்’ இறுகின. சக்கரங்களின் நடுவே கைவைத்துப் பார்த்தார் மாமா. பேரிங் கெட்டிருந்தால் முதலில் சூடுதான் சொல்லுமாம். நான்கும் ஒரே அளவில் வெதுவெதுப்பாக இருந்தன. டோலில் அகலமான பாதையாகப் பார்த்து நுழைந்தோம்.

சிம்பாங் பூலாயின் சுண்ணாம்புக் குன்றுகளை அன்றுதான் நிதானமாகப் பார்த்தேன். கற்சுரங்கங்கள் அறுத்த பக்கம் வெள்ளையாகவும், அறுக்காத பக்கம் பச்சையாகவும் ஒரே குன்று இரண்டு முகத்தோடு நிற்கிறது. கோப்பெங் தாண்டி, குவா தெம்புரோங் குகை இருக்கும் மலைப்பகுதியில் சாலை ஏறத் தொடங்கியது. அங்கே ஏற்றம் இருக்கிறது என்பதே காரில் போகும்போது எனக்கு உறைத்ததில்லை. அன்று ஹைலக்ஸ் கியரைக் குறைத்து முனகியது. இடது தடத்தில் சிமெண்டு லோரிக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்துகொண்டேன்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் கண்டிப்பானது. 1,700 கிலோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகலாம். அதனால் இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும்.

அந்த இறக்கத்தில்தான் ஒரு விரைவுப் பேருந்து எங்களைக் கடந்தது. அதன் மூக்கு அருகில் வரும்போது காற்று டிரெய்லரை வெளியே தள்ளியது. வால் கடக்கும்போது உள்ளே இழுத்தது. கண்ணாடியில் சிவப்புக் கார் ஒருமுறை இடதும் வலதுமாக அசைந்தது. மாமா ஒன்றும் பேசவில்லை. அவர் கை மட்டும் கதவுப் பிடியை இறுக்கியது. சனிக்கிழமை அவர் சொல்லித் தந்ததை அப்படியே செய்தேன். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கை அழுத்தவில்லை. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பாமல் நேராகப் பிடித்திருந்தேன். இரண்டு விநாடியில் ஆட்டம் அடங்கியது. மூக்கில் 170 கிலோ இருந்ததன் அருமை அப்போது விளங்கியது. தராசு 120 காட்டியதும் போதும் என்று விட்டிருந்தால் அந்த ஆட்டம் அவ்வளவு எளிதில் அடங்கியிருக்குமா?

தாப்பாவில் ஒரு பார்வை

தாப்பா ஓய்விடத்தில் பின்னுக்கு எடுக்காமல் அப்படியே முன்னே வெளியேறக்கூடிய இடமாகப் பார்த்து நிறுத்தினேன். தேநீர் வாங்கி வருவதற்குள் டிரெய்லரைச் சுற்றிப் பத்துப் பேர். மூடிய டிரெய்லராக இருந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. திறந்ததில் கார் மேடையேறி நிற்கிறது. பிள்ளைகள் படம் எடுத்தார்கள். என்ன விலை, எத்தனை குதிரைத்திறன் என்று கேள்விகள். மாமா பொறுமையாகப் பதில் சொன்னார். 11 ஆண்டு மூலையில் கிடந்த காருக்குக் கிடைத்த முதல் கூட்டம் அது.

அங்கே ஒரு மலாய் லோரி ஓட்டுநர் மட்டும் காரைப் பார்க்கவில்லை. குனிந்து பட்டைகளைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், டயரை உதைத்துப் பார்த்தார். எழுந்து மாமாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். “அவருதான் தொழில்காரரு” என்றார் மாமா.

பீடோர், சுங்கை, சிலிம் ரிவர். நெடுஞ்சாலை வருவதற்கு முன் காம்பார், பீடோர் ஊர்களுக்குள் புகுந்து போகும் பழைய சாலைதான் வழி. இளவயதில் அந்தச் சாலையில் லோரி ஓட்டியதைச் சொல்லிக்கொண்டே வந்தார் மாமா.

தஞ்சோங் மாலிமை நெருங்கும்போது மழை கொட்டியது. வேகத்தை 60க்குக் குறைத்தேன். டிரெய்லர் இழுக்கும்போது நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். ஈரச் சாலையில் அதைவிடக் கூடுதல். எனக்கு முன்னால் நீண்ட இடைவெளி விட்டேன். யாராவது ஒருவர் அதில் வந்து நுழைவார். மறுபடி பின்வாங்கி மறுபடி இடைவெளி விடுவேன். இன்னொருவர் நுழைவார்.

வானொலியில் சாலை நிலவரம் வாசிப்பது என் அன்றாட வேலை. ‘கனரக வாகனங்களால் இடது தடத்தில் போக்குவரத்து மெதுவாக நகர்கிறது’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். அந்த மழையில் நானே அந்த வாக்கியத்துக்குள் இருந்தேன். முன்னால் போன லோரியின் கட்டுகளுக்குள் யாருடைய சம்பளம் இருக்கிறதோ! என் பின்னால் இரண்டு குடும்பங்களின் கடைசிக் கணக்கு நனைந்துகொண்டு வந்தது. நாம் விடும் இடைவெளி பிறர் நுழைவதற்கான காலியிடம் அல்ல. பின்னால் வரும் சுமை நிற்பதற்கான இடம். அடுத்த முறை லோரிக்கு முன்னால் நுழைய நினைக்கும்போது, வாசகர்களே, ஒரு விநாடி இதை எண்ணிப்பாருங்கள்.

சாவி

ரவாங் தாண்டியதும் மழை விட்டது. சுங்கை பூலோவில் பூந்தொட்டிகளும் மரக்கன்றுகளும் வரிசையாக நிற்கும் நாற்றுப்பண்ணைகளைக் கடந்து, ஒரு குறுகிய சந்துக்குள் போகவேண்டியிருந்தது. திரும்பும்போது டிரெய்லர் உள்ளே வெட்டும். அதனால் ஹைலக்ஸை நன்றாக முன்னே விட்டு அகலமாகத் திருப்பினேன். வாசலுக்குள் பின்னுக்கு எடுக்க நான்கு முறை முன்னே இழுத்து நேராக்கினேன். மாமா பின்னால் நின்று ஒரு கையை மட்டும் அசைத்தார். குரல் கொடுக்கவே இல்லை.

வாங்குபவர் இளைஞர். காரைத் துடைத்துவிட்டுக் கைவிளக்கோடு முக்கால் மணி நேரம் பார்த்தார். கீறல் இல்லை. மாமா சாவியை நீட்டினார். “நீங்களே இறக்குங்க ஐயா” என்றார் அவர். மாமா தலையாட்டி மறுத்தார். “இனி இது உங்க காரு தம்பி. நீங்க இறக்குங்க. நான் வழி காட்டுறேன்.” இயந்திரம் ஒரே திருப்பில் உயிர்பெற்றது. பலகையில் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் இறங்கும்வரை மாமா கண்ணை எடுக்கவில்லை. பிறகு மறுபக்கம் திரும்பிப் பட்டைகளைச் சுருட்டத் தொடங்கினார்.

பணத்தை எண்ணி, அங்கேயே மேசைமேல் வைத்து இரண்டு உறைகளில் போட்டு ஒட்டினார். தனக்கென்று மிஞ்சியதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்கு உறை தேவைப்படவில்லை.

திரும்பும் வழியில் காலி டிரெய்லர் ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்துத் தடதடத்தது. கனம் இருந்தபோது அமைதியாக வந்ததுதான். போகும்போது டிரெய்லரின் ஒலியைக் கேட்பதற்காக வானொலியை அணைத்து வைத்திருந்தேன். “இப்போ போடும்மா, பாட்டு கேட்கலாம்” என்றார் மாமா. தாப்பாவில் நிறுத்தினோம். யாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலை ஆறு மணிக்குப் புந்தோங் வந்து சேர்ந்தோம். நான் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாமா முகம் கழுவக்கூட நிற்காமல், இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு பின் தெருவை நோக்கி நடந்தார்.