ஒன்பது பேரும் நடுக்கோடும்

'தயாரா?' என்று ஒருவனைக் கேட்கும்போது அந்தக் கேள்விக்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது. மாறிக்கொள்ளச் சம்மதமா என்பது. கேட்பவர் அதைச் சொல்வதில்லை; கேட்கப்படுபவனுக்கு அது புரியாமல் போவதுமில்லை. வங்கிக் குமாஸ்தாவுக்கு இது பழகிய விஷயம். பதவி உயர்வுச் சுற்றறிக்கை வரும் ஒவ்வொரு தடவையும் மேலாளர் என் மேஜைப் பக்கம் வந்து, "என்ன சார், இந்தத் தடவையாவது எழுதறதா உத்தேசம் உண்டா?" என்று கேட்கிறார். நல்ல மனுஷர். என் நன்மைக்காகத்தான் கேட்கிறார். பரீட்சையில் வருவது வட்டிக் கணக்கும் கடன் விதிகளும். அவை எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் கேட்பது வேறு: எந்த ஊருக்கு மாற்றினாலும் போவீர்களா, சாயங்காலத்துக்குப் பிறகும் வங்கியாகவே இருப்பீர்களா என்று.

ஐரோப்பியக் கால்பந்து பற்றி எழுதுகிறவர்களுக்கும் மிகப் பிடித்த சொல் இது. சின்ன இடத்தில் தாக்குதல் ஆட்டம் ஆடவைத்துப் பெயர் வாங்கிய பயிற்சியாளர் ஒருவர் பெரிய க்ளப்புக்கு வருகிறார் என்றால், அவர் தயாரா என்று கேட்பார்கள். தற்காப்பை நம்பி ஜெயித்தவரிடம் அநேகமாக இப்படிக் கேட்பதில்லை. தற்காப்பு முதிர்ச்சியின் அடையாளம் என்றும் தாக்குதல் ஒரு வாலிபக் கோளாறு, காலம் போனால் தெளிந்துவிடும் என்றும் ஓர் அபிப்பிராயம் விவாதமில்லாமலே நிலைத்துவிட்டது.

2023 ஜூனில் ஆஞ்ச் போஸ்டகோக்லு லண்டனின் டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பருக்கு வந்தபோது இந்தக் கேள்வி உரக்கவே கேட்கப்பட்டது. அவருக்கு அப்போது வயது 57. வாலிபக் கோளாறு என்று சொல்ல வழியில்லை. 1965ல் ஏதென்ஸில் பிறந்து, ஐந்து வயதில் பெற்றோருடன் மெல்போர்னுக்குக் குடிபெயர்ந்தவர். அங்கே கிரேக்கர்களின் க்ளப்பான சவுத் மெல்போர்னில் தற்காப்பு வரிசையில் ஆடினார். 1989ல் அந்த க்ளப்புக்குப் பயிற்சியாளராக வந்தவர் ஃபெரென்க் புஷ்காஷ். 1953ல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று தோற்கடித்த ஹங்கேரி அணியின் தலைவர். புஷ்காஷுக்கு ஆங்கிலம் போதாது. ஏதென்ஸில் பனதினாய்காஸ் அணிக்குப் பயிற்சி கொடுத்த காலத்தில் கற்ற கிரேக்கம் இருந்தது. எனவே கிரேக்கம் தெரிந்த இளம் அணித்தலைவர் அவருக்கு மொழிபெயர்ப்பாளரும் காரோட்டியும் ஆனார். ஒரு மரபு கைமாறுவதற்கு இதைவிட எளிய ஏற்பாடு கிடைக்காது. அதே ஹங்கேரி 1954 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 2-0 என்று முன்னால் இருந்துவிட்டு மேற்கு ஜெர்மனியிடம் 3-2 என்று தோற்றதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அந்தக் காரில் இரண்டும் பயணம் செய்திருக்கும்.

அதன் பிறகு அவர் போன இடங்கள் பலவற்றில் ஜெயித்திருக்கிறார். பிரிஸ்பேன் அணி அவர் காலத்தில் தொடர்ந்து 36 லீக் ஆட்டங்களில் தோற்கவில்லை. 2015ல் ஆஸ்திரேலியாவுக்கு ஆசியக் கோப்பை. யோகஹாமாவில் முதல் வருஷம், 2018ல், 12வது இடம்; மறுவருஷம் ஜப்பான் லீகின் முதலிடம். ஸ்காட்லாந்தின் செல்டிக்கில் இரண்டே வருஷத்தில் ஐந்து கோப்பைகள். டாட்டன்ஹாம் என்ற பணக்கார க்ளப்போ 2008க்குப் பிறகு ஒன்றும் ஜெயித்ததில்லை. அவருக்கு முன்னால் மொரீன்யோ, கோன்டே இருவரையும் அமர்த்திப் பார்த்தார்கள். தயார் என்பதற்கு உலகச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள். இருவரும் அங்கே எதையும் ஜெயிக்கவில்லை. மொரீன்யோவை 2021 ஏப்ரலில் லீக் கோப்பை இறுதியாட்டத்துக்கு ஆறு நாள் முன்பு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆகவே 'தயாரா?' என்று கேட்கும் உரிமை அந்த ஸ்தாபனத்துக்கு இருந்ததா என்பதே சந்தேகம்.

அவருடைய முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பின்வரிசையின் ஓரத்தில் நிற்கவேண்டிய இருவரும் நடு மைதானத்துக்குள் வந்துவிடுவார்கள். மிச்சமுள்ள தற்காப்பு வரிசையும் முன்னேறி நிற்கும். பந்தைக் கண்ட இடத்துக்கு உதைத்துத் தப்பிக்கும் வழக்கம் கிடையாது. பின்னால் மைதானம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலியிடம்தான் அவர் கொடுக்கும் விலை. எதிரணி மூச்சுவிட இடமில்லாமல் தவிப்பது அவர் வாங்கும் பொருள். முதல் பத்து லீக் ஆட்டங்களில் வியாபாரம் நன்றாக நடந்தது. தோல்வியே இல்லை, 26 புள்ளிகள்.

பதினோராவது ஆட்டம் 2023 நவம்பர் 6 இரவு, சொந்த மைதானத்தில், செல்சியுடன். நமக்கு அது மறுநாள் அதிகாலை ஒன்றரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்க, சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஆறாவது நிமிஷத்தில் குலுசெவ்ஸ்கி கோல் போட்டார். 33ல் ரொமேரோவுக்குச் சிவப்பு அட்டை, பெனால்டி, 1-1. பாதி நேரத்துக்குள் மாடிஸனும் வான் டி வென்னும் காயம்பட்டு வெளியேறினார்கள். 55ல் உடோகிக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை. ஒன்பது பேர். இந்நிலையில் எந்தப் பயிற்சியாளரும் ஒன்பது பேரையும் கோலுக்கு முன்னால் திரட்டி நிறுத்தியிருப்பார். போஸ்டகோக்லு தற்காப்பு வரிசையை நடுக்கோட்டில் நிறுத்தினார். எதிராளி தன் பாதியில் நிற்கும்வரை அவனை ஆஃப்சைட் விதி தொடாது. ஆகவே இதற்கு மேல் முன்னேற விதியே இடம் தராது என்ற எல்லைக்கோடு அது. அவர்களுக்குப் பின்னால் பாதி மைதானம் வெறுமை. அதில் கோல்கீப்பர் விகாரியோ மட்டும் ஓடி ஓடி வந்து பந்தை வெளியேற்றிக்கொண்டிருந்தார். 75 நிமிஷம் வரை 1-1. பிறகு ஜாக்ஸன் ஒரு கோல். அதற்குப் பிறகும் ஒன்பது பேர் சமன் செய்யப் பார்த்தார்கள். டயர் போட்ட கோல் ஆஃப்சைடாயிற்று, சோன் அடித்ததைக் கோல்கீப்பர் தடுத்தார். 90 நிமிஷத்தைத் தாண்டிய பிறகே ஜாக்ஸன் இன்னும் இரண்டு போட்டு 4-1 ஆக்கினார். ஐந்து பேராகக் குறைந்தாலும் முயன்று பார்ப்போம் என்கிற தோரணையில் போஸ்டகோக்லு பேசிவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே எங்கள் கேஷியரிடம் இதைச் சொன்னேன். "ரெண்டு பேர் போனப்புறம் கதவைச் சாத்திக்க வேண்டாமா சார்?" என்றார். பணத்தைப் பூட்டி வைத்தே முப்பது வருஷம் கழித்தவர். அவர் சொன்னதைத்தான் மறுநாள் பத்திரிகைகளில் பாதி வேறு பாஷையில் எழுதின. மறு பாதி அதைக் காவியமாக்கின. பைத்தியக்காரத்தனம் என்றது ஒரு கட்சி, வீரம் என்றது இன்னொன்று. இரண்டு கட்சிக்கும் அது ஒரு மனிதனின் சுபாவமாகவே பட்டது. எனக்கு அது ஒரு தீர்மானமாகப் படுகிறது. கதவைச் சாத்தினால் பதினோரு பேர் அரைமணி நேரம் கதவைத் தட்டிக்கொண்டிருப்பார்கள், எப்படியும் திறக்கும். வரிசையை நடுக்கோட்டில் நிறுத்தினால் எதிரிக்கு ஒரே ஒரு வழிதான்: சரியான கணத்தில் பின்வெளிக்கு ஓடும் காலுக்குச் சரியான பந்து. அந்த ஒரு வழியைக் கண்டுகொள்ளச் செல்சிக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. ஒவ்வொரு அடியும் பார்த்து வைக்கப்பட்ட ஆட்டம் அது. விலை என்ன என்று தெரிந்தே கொடுத்தார்கள்.

இதற்கு நேர் எதிரானது அடுத்த வருஷம் அக்டோபர் 6ல், ஞாயிற்றுக்கிழமை, பிரைட்டனில் நடந்தது. பாதி நேரத்தில் டாட்டன்ஹாம் 2-0. ஆட்டம் கையில் இருந்தது. மறுபாதி தொடங்கிப் பதினெட்டு நிமிஷ இடைவெளியில் மூன்று கோல் வாங்கி 3-2 என்று தோற்றார்கள். யாருக்கும் சிவப்பு அட்டை இல்லை. தோற்றத்தில் அதே ஆட்டம்தான்: அதே உயர்ந்த வரிசை, அதே ஓட்டம். ஆனால் அதை யாரும் தேர்ந்தெடுத்துச் செய்துகொண்டிருக்கவில்லை. நேற்றுச் செய்ததால் இன்றும் செய்தார்கள். தான் வந்த பிறகு நேர்ந்த மிக மோசமான தோல்வி என்று அவரே சொன்னார். சரியாகத்தான் சொன்னார், ஆனால் அது திரும்பத் திரும்ப வந்தது. டிசம்பரில் செல்சியுடன் 2-0 என்று தொடங்கி 4-3 என்று தோல்வி. 2024-25 பருவத்தின் முடிவில் 22 தோல்விகள், 38 புள்ளிகள், 20 அணிகளில் 17வது இடம். போட்ட கோல் 64, வாங்கிய கோல் 65. 1977ல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய பிறகு அந்த க்ளப் இத்தனை கீழே வந்ததில்லை.

காயங்கள் காரணமில்லையா என்றால் உண்டு. ரொமேரோ, வான் டி வென் இருவரும் ஒரே சமயத்தில் விழுந்தார்கள். நடு மைதானத்தில் ஆடவேண்டிய பதினெட்டு வயதுப் பையன் ஆர்ச்சி கிரே பின்வரிசையின் நடுவில் நின்றான். ஆனால் ஆள் மாறும்போது ஆட்டம் மாறவில்லை என்பதுதான் என் புகார். வேகத்தில் அபூர்வமான வான் டி வென் பின்னால் இருக்கும்போது காலி மைதானம் ஒரு யோசனை. அவர் இல்லாதபோது அதே காலி மைதானம் வெறும் பழக்கம். போஸ்டகோக்லு முன்பு இருந்த இடங்கள் இந்தப் பழக்கத்தை மன்னித்தன. ஆஸ்திரேலிய லீகில் கடைசி இடத்துக்கு வந்தாலும் கீழ் டிவிஷனுக்கு இறங்கும் விதி இல்லை. யோகஹாமா 12வது இடத்தைப் பொறுத்துக்கொண்டது. செல்டிக்கின் எதிராளிகளில் பலருக்கு அதைத் தண்டிக்கும் கால் இல்லை. இங்கிலாந்தில் வாராவாரம் ஒருவர் உங்களை உட்கார்ந்து படிக்கிறார். படிக்கப்பட்டுவிட்ட பாணிக்கு வேறு பெயர் உண்டு. அது நம் பத்திரிகை வாசகர்களுக்கே நன்றாகத் தெரியும்.

அதே பருவத்தில் பில்பாவோ நடந்தது. இரண்டாம் வருஷத்தில் எப்போதும் எதையாவது ஜெயிக்கிறவன் நான் என்று அவர் 2024 செப்டம்பரில் சொன்னபோது சிரித்தவர்கள் நிறைய. 2025 மே 21ல் யூரோப்பா லீக் இறுதியாட்டம். எதிரே மான்செஸ்டர் யுனைடெட். லீக் பட்டியலில் 16வதும் 17வதும் ஐரோப்பியக் கோப்பைக்காக ஆடிய விநோதம். 42வது நிமிஷத்தில் பிரென்னன் ஜான்ஸன் கோல் போட்டார். அதன் பிறகு டாட்டன்ஹாம் கதவைச் சாத்திக்கொண்டது. மூன்றில் ஒரு பங்கு நேரம்கூடப் பந்து அவர்களிடம் இல்லை. கோல் போட்ட ஜான்ஸனையே 78ல் வெளியே எடுத்து டான்ஸோ என்ற தற்காப்பாட்டக்காரரை இறக்கினார். கோல் கோட்டிலிருந்து வான் டி வென் தலைக்கு மேல் காலைத் தூக்கிப் பந்தை வெளியேற்றியதுதான் அந்த இரவின் அழகான காட்சி. 1-0. பதினேழு வருஷத்துக்குப் பிறகு ஒரு கோப்பை.

கடைசியில் கற்றுக்கொண்டார் என்றது ஒரு கட்சி. கடைசியில் விட்டுக்கொடுத்துவிட்டார் என்றது மற்றது. இரண்டும் மேற்பார்வை. நவம்பர் 6ம் பில்பாவோவும் பார்வைக்கு எதிரெதிர். ஆனால் ஒரே ஜாதி. இரண்டிலும் அந்த இரவில், அந்த ஆட்களை வைத்துக்கொண்டு, ஒருவர் யோசித்து முடிவெடுத்தார். பிரைட்டன் ஆட்டம்தான் அன்னியம். அது அவருடைய பாணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த வேறு ஏதோ. ஒரு பாணியை உள்ளபடி காப்பவன் அதைக் கைவிடவும் தெரிந்தவனாக இருக்கவேண்டும் என்பதைப் பில்பாவோ காட்டியது. வருஷத்துக்கு அறுபது ஆட்டத்தில் அந்தப் பிரக்ஞையை விழிப்பாக வைத்திருக்க அவரால் முடியவில்லை என்பதை லீக் பட்டியல் காட்டியது.

இதை ஏன் இந்தப் பக்கங்களில் எழுதவேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லலாம். நம் வட்டத்திலும் தாக்குகிறவர்கள் உண்டு. என்னையும் அந்தக் கோஷ்டியில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், சேர்த்துக்கொள்ளட்டும். சமரசமற்றவன் என்று பெயர் எடுத்த விமர்சகனைப் பெரிய பத்திரிகை ஒருநாள் கூப்பிடுகிறது. அங்கே போனால் மழுங்கிவிடுவானா என்று நாம் விசாரப்படுகிறோம். அதைவிடப் பெரிய அபாயம் அவன் போகாமலே நேரலாம். புஸ்தகத்தைத் திறப்பதற்கு முன்பே அவனிடம் வாக்கியம் தயாராகிவிடுகிறது. தயார் என்ற சொல்லுக்கு இந்த அர்த்தமும் இருக்கிறதே. துணிக்கடையில் தயாராகத் தொங்கும் சட்டையைப் போல, யார் உடம்புக்கென்று தைக்காதது. தாக்குதல் அப்படித் தயாராகிவிட்டால், அது சமரசத்தைவிடச் சௌகரியமான இடம்.

கோப்பை வாங்கிய பதினாறாவது நாள், 2025 ஜூன் 6ல், டாட்டன்ஹாம் அவரை நீக்கியது. வெற்றியின் உணர்ச்சியை வைத்து முடிவெடுக்க முடியாது என்று விளக்கம் தந்தார்கள். கணக்குப்படி சரி. 22 தோல்வியை எந்தப் பேரேடும் தாங்காது. செப்டம்பரில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கூப்பிட்டது. 39 நாள், எட்டு ஆட்டம், ஒரு வெற்றிகூட இல்லை. அக்டோபர் 18ல் செல்சியிடம் 3-0 என்று தோற்ற சில நிமிஷங்களில் முடிந்தது. தாக்குகிறவர்கள் பெரிய இடத்துக்கு லாயக்கில்லை என்று முன்பே சொன்னவர்களுக்குத் திருப்தியாக இருந்திருக்கும்.

அவர் தயாராக இல்லை என்பதே என் முடிவும். ஆனால் அவர்கள் காட்டும் அத்தாட்சியை நான் ஏற்கவில்லை. ஒன்பது பேரை நடுக்கோட்டில் நிறுத்தியதை அவர்கள் காட்டுகிறார்கள். தயாராக இருந்ததற்கு நான் காட்டக்கூடிய இரண்டு அத்தாட்சிகளில் அது ஒன்று. அடுத்த தடவை எங்கோ ஒரு சின்ன ஊரிலிருந்து தாக்குகிற ஒருவர் பெரிய க்ளப்புக்கு வரும்போது, அவர் வாங்கிய கோப்பைகளையும் எண்ணவேண்டாம், வாங்கிய கோல்களையும் எண்ணவேண்டாம். முக்கியமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் 2-0 என்று முன்னால் இருந்து மறுபாதிக்கு இறங்கும்போது, அன்றைக்கென்று ஏதாவது யோசித்திருக்கிறாரா என்று பார்த்தால் போதும்.